கன் சேஃபுக்குள் விளக்கு: புது ஓட்டை இல்லாமல், 120 வோல்ட் இல்லாமல்

கேள்வி கேட்டவர் ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறார். கராஜில் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒரு கன் சேஃப், அதாவது துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டகம். உள்ளே இருட்டு. பின்வரிசையில் நிற்பதை எடுக்க வேண்டுமென்றால் ஃபோன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் துழாவ வேண்டியிருக்கிறது என்கிறார். எந்த எல்ஈடி ஸ்ட்ரிப் வாங்கலாம், வயருக்காகப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போடலாமா, தோட்டா இருக்கும் இடத்தில் கரண்ட் கொண்டுபோவது ஆபத்தில்லையா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். இதில் விளக்கு வாங்குவது சுலபமான பகுதி. பெட்டகத்தின் உறுதியையும் தீத்தடுப்பையும் பூட்டையும் கெடுக்காமல் உள்ளே வெளிச்சம் கொண்டுவருவது எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. என் பதில் சுருக்கமாக: புது ஓட்டை வேண்டாம், விளக்குக்காகச் சுவர் பாயின்ட்டின் 120 வோல்ட் உள்ளே வேண்டாம், விளக்கைக் கூரையில் ஒட்டாமல் கதவு நிலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நெடுக்காக ஒட்டுங்கள்.

என் தொழில் வீடுகளுக்கு மின்வேலை செய்வது. அதிலும் அலமாரி, சமையலறை கேபினெட், படிக்கட்டு போன்ற இடங்களில் குறைந்த வோல்ட் விளக்கு போடுவதுதான் அதிகம். கன் சேஃப் வேலையும் இடையிடையே வரும். நான் பூட்டு மெக்கானிக் அல்ல. ஆகவே பூட்டைப் பற்றி நான் சொல்வது ‘தொடாதீர்கள்’ என்ற அளவோடு நிற்கும்.

பெட்டகம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும். அமெரிக்க வீடுகளில் இருக்கும் தரச்சான்று பெற்ற கன் சேஃபுகளில் பெரும்பாலானவை யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் 1037 என்ற தரத்தின் கீழ் குடியிருப்புப் பாதுகாப்புப் பெட்டி என்ற வகையில் வருபவை. வங்கியில் இருக்கும் பெட்டகத்தோடு இதை ஒப்பிடவே கூடாது. முதல் நிலைச் சோதனையில் கைக்கருவிகளை வைத்துக்கொண்டு ஒருவர் 5 நிமிடம் முயன்றும் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். உடல் தகடு பரவலாக 12 கேஜ், அதாவது சுமார் 2.7 மி.மீ.; கொஞ்சம் நல்லவற்றில் 10 கேஜ், சுமார் 3.4 மி.மீ. தகட்டுக்கு உள்பக்கம் ஜிப்சம் பலகை, அதன்மேல் கார்பெட் துணி. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் டிரைவாலும் இதே ஜிப்சம்தான். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ரசாயனமாகக் கட்டுண்ட நீர். தீயில் அந்த நீர் ஆவியாகிப் போகும்வரை உள்ளே வெப்பம் ஏறுவது தாமதப்படுகிறது. கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் பட்டை சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும்.

இதில் நீங்கள் டிரில்லை வைத்தால், உடல் தகட்டைப் பொறுத்தவரை துளை விழுந்துவிடும், கஷ்டமே இல்லை. ஆனால் ஜிப்சத்தில் ஒரு வழி திறந்துகொள்ளும், தகட்டின் வெட்டுமுனையில் ஹூஸ்டன் ஈரத்துக்குத் துரு பிடிக்கும், துளை போட்ட பெட்டகத்துக்கு உத்தரவாதத்தை மறுக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. கதவில் துளை என்பது வேறு கதை. அங்கே பூட்டுக்கு முன்னால் கடினத் தகடு இருக்கும். அதோடு ரீலாக்கர் என்ற இரண்டாவது பூட்டு காத்திருக்கும். சில மாடல்களில் அந்த ரீலாக்கரை ஒரு கண்ணாடித் தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரில் நுனி பட்டுக் கண்ணாடி உடைந்தால் ஸ்பிரிங் கம்பிகள் பாய்ந்து, சரியான கோட் எண்ணைப் போட்டாலும் கதவு திறக்காது. பிறகு பெட்டக மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவர் கையால் கதவைத் துளைத்துத்தான் திறக்க வேண்டும். ஒரு விளக்குக்காக இந்த வம்பு வேண்டாம்.

நல்ல வேளையாக, பெரிய பெட்டகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம், கீழ்ப்பகுதியில், ஈரநீக்கிக் கம்பியின் (உள்ளே லேசாகச் சூடேறி ஈரத்தைத் தடுக்கும் கம்பி) வயருக்காகத் தொழிற்சாலையிலேயே ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்கள். வெளியே பிளாஸ்டிக் மூடி இருக்கும். உள்ளே கார்பெட் மூடிக்கொண்டிருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மூடியைக் கழற்றி, வெளியிலிருந்து ஒரு பென்சிலை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். உள்ளே துணி ஓரிடத்தில் புடைக்கும். அங்கே பிளேடால் சின்னதாகச் சிலுவைக் கீறல் போட்டால் போதும். துளையின் ஓரத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். தகட்டின் முனை வயரின் உறையை நாளடைவில் அறுத்துவிடும். உங்கள் பெட்டகத்தில் தொழிற்சாலையே பொருத்திய பிளக் பாயின்ட் உள்ளே இருந்தால் வேலை இன்னும் எளிது; 120 வோல்ட் வேண்டாம் என்றதற்கு அது மட்டும் விதிவிலக்கு, அதையே பயன்படுத்துங்கள்.

அது இல்லாதபோது என் முறை ஒன்றுதான். அடாப்டர் வெளியே சுவர் பாயின்ட்டில் இருக்கும். விளக்குக்காகத் துளை வழியாக உள்ளே போவது 12 வோல்ட் டிசி வயர் மட்டும். அடாப்டர் வாங்கும்போது அதன்மேல் கிளாஸ் 2 என்ற குறிப்பும் யூஎல் அல்லது ஈடிஎல் சோதனை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ் 2 என்றால் அது தரக்கூடிய மின்திறனே கட்டுப்படுத்தப்பட்டது. எங்காவது இரண்டு வயரும் உரசினால்கூட தீப்பிடிக்கும் அளவுக்குச் சக்தி தராமல் தன்னை அடக்கிக்கொள்ளும். அதே துளையில் 120 வோல்ட் எக்ஸ்டென்ஷன் கார்டை நுழைத்து உள்ளே பவர் ஸ்ட்ரிப் வைத்திருக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டின் உறை அறுந்து தகட்டைத் தொட்டால் ஐந்தடி இரும்புப் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். கராஜ் சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு அதன் கைப்பிடியைத் தொடுவதை நினைத்துப் பாருங்கள். சிலர் பழைய கார் பேட்டரியை உள்ளே வைக்கலாமா என்று கேட்பார்கள். அது 12 வோல்ட்தான் என்றாலும் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வேண்டாம்.

தீத்தடுப்பு கெடுமா? உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் அனுமானத்தையும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். பெட்டகங்களின் தீச்சோதனை பொதுவாக 1200 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 650 செல்சியஸ் சூட்டில் குறிப்பிட்ட நிமிடங்கள் வைத்து, உள்வெப்பம் 350 ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இது நிச்சயம். ஆனால் பல தயாரிப்பாளர்கள் இதைத் தங்களுக்கு வசதியான முறையில் செய்துகொள்கிறார்கள், ஆகவே ஒரு கம்பெனியின் 60 நிமிடமும் இன்னொன்றின் 60 நிமிடமும் ஒன்றல்ல. தொழிற்சாலைத் துளையில் இரண்டு மெல்லிய வயர் போவதால் அந்த நிமிடங்கள் கணிசமாகக் குறையாது என்பது என் அனுமானம். எந்தத் தயாரிப்பாளரும் உங்களுக்கு அப்படி எழுதித் தரமாட்டார். நான் செய்வது, வயர் போன பிறகு மிச்சமுள்ள இடைவெளியைச் சூட்டில் உப்பும் வகைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்துவிடுவது. த்ரீ எம் கம்பெனியின் சிபி 25டபிள்யூபி பிளஸ் ஹோம் சென்டர்களில் கிடைக்கும் ஒன்று.

பூச்சு என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டகத்துக்குள் எதை ஒட்டவும் சாதாரணக் குளியலறை சிலிகானைப் பயன்படுத்தாதீர்கள். காயும்போது வினிகர் வாடை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டியில் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் துப்பாக்கியின் இரும்பில் படிந்து துருவைக் கிளப்பும். சிலிகான்தான் வேண்டுமென்றால் நியூட்ரல் க்யூர் என்று போட்டதை வாங்கி, கதவைத் திறந்துவைத்து முழுதும் காயவிடுங்கள்.

தோட்டா பற்றிய பயத்துக்கு வருவோம். தோட்டாவின் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, வேலை செய்ய அடி வேண்டும், அல்லது கடுமையான வெப்பம் வேண்டும். புகையில்லா வெடிமருந்து தானாகப் பற்ற 150 செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். சரியாகப் பொருத்திய எல்ஈடி ஸ்ட்ரிப் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், அவ்வளவே. ஆகவே 12 வோல்ட் விளக்கால் தோட்டா வெடிக்கும் என்ற கவலை தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு: ஸ்ட்ரிப்பை வெட்டிய முனையில் செம்புப் புள்ளிகள் வெளியே தெரியும். அலமாரித் தட்டில் உருளும் ஒரு பித்தளைத் தோட்டா இரண்டு புள்ளிகளையும் தொட்டால் ஷார்ட். முனைகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஸ்ட்ரிப்பை மூடியுள்ள அலுமினியச் சேனலுக்குள் வைத்தால் அந்தப் பேச்சே எழாது. தோட்டாவை நீங்களே நிரப்புகிறவர் என்றால், டப்பாவில் இருக்கும் வெடிமருந்தை விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கன் சேஃபில் வைக்காதீர்கள். இறுக மூடிய இரும்புப் பெட்டிக்குள் அது எரிந்தால் அழுத்தம் ஏறி வெடித்துவிடும்.

இனி எங்கே ஒட்டுவது. இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கூரையில் ஒரு ஸ்ட்ரிப் ஒட்டினால் மேல்தட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும். கீழே நிற்கும் நீளத் துப்பாக்கிகள் அந்தத் தட்டின் நிழலில் மூழ்கிவிடும். பின்சுவரில் ஒட்டினால் வெளிச்சம் உங்கள் கண்ணில் அடிக்கும், முன்வரிசை கறுப்பு உருவமாகத் தெரியும். கதவு நிலையின் உள்மடிப்புக்குப் பின்னால், இடமும் வலமும் நெடுக்காக, ஒளி உள்நோக்கிப் போகும்படி வைத்தால் விளக்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பொருட்களின் முன்பக்கம்தான் ஒளிபெறும். சீரியல் எண்ணைக்கூட வாசிக்கலாம். மேலே குறுக்காகவும் ஒன்று வேண்டுமென்றால் அதுவும் நிலைக்குப் பின்னால்தான்.

ஆனால் அதே இடத்துக்குத்தான் கதவின் பூட்டுக் கம்பிகளும் வரும். கைப்பிடியைத் திருப்பினால் கம்பிகள் பக்கவாட்டில் நீண்டு, நிலையின் மடிப்புக்குப் பின்னால்தான் போய் நிற்கின்றன. அங்கே சேனலை ஒட்டினால் முதல் நாளே நசுங்கும். அதைவிட மோசமாக, கம்பி முழுதாக நீளாமல் கதவு பாதி பூட்டிய நிலையில் நிற்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். நிலைக்குப் பின்னால், ஸ்ட்ரிப் வரப்போகும் உயரம் முழுவதும், நீல நிற பெயிண்டர் டேப்பை ஒட்டுங்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் பக்கங்களிலும் சாக்பீஸைத் தேயுங்கள். கதவை மூடி, கைப்பிடியைத் திருப்பி, மறுபடி திறந்து, டேப்பில் எங்கெல்லாம் வெள்ளை பட்டிருக்கிறது என்று பாருங்கள். கம்பி தொடாத மூலை ஒன்று எப்படியும் மிஞ்சும். பெரும்பாலும் மடிப்பும் பக்கச்சுவரும் சேரும் மூலை, இல்லையென்றால் கம்பிகளின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் பக்கச்சுவரிலேயே. கீல் இருக்கும் பக்கத்தையும் இதே மாதிரி சோதியுங்கள். அங்கே நகராத இரும்புப் பட்டை இருக்கலாம், கதவு திரும்பும்போது அதன் உள்முனை அந்தப் பக்கம்தான் சுழன்று வரும்.

ஒட்டுவதற்கு, ஸ்ட்ரிப்பின் முதுகில் வரும் பசையை நம்பாதீர்கள். கார்பெட்டில் அது ஒரு வெயில்கூடத் தாங்காது. சேனலின் முதுகில் வெல்க்ரோவின் முள் பக்கத்தை மட்டும் ஒட்டி, துணிமேல் அழுத்தினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிடிக்காவிட்டால் இடம் மாற்றவும் செய்யலாம். காந்தம் நிலையின் பெயிண்ட் அடித்த தகட்டில் நன்றாகப் பிடிக்கும். பக்கச்சுவரில் பிடிக்காது, நடுவில் ஜிப்சம் இருக்கிறது.

ஸ்ட்ரிப் எது என்றால், 12 வோல்ட், ஒற்றை வெள்ளை நிறம், 4000 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு), சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல். நிறம் மாறும் வகை இங்கே வீண். 6500 கெல்வின் நீலவெள்ளையில் வால்நட் மரக்கட்டையும் நீலமேற்றிய இரும்பும் செத்த நிறமாகத் தெரியும். அதைவிட முக்கியம், புதிதாகப் பூக்கும் துருவின் பழுப்பும் கண்ணுக்குத் தப்பும். மீட்டருக்கு 4.8 வாட் வகையே போதும். உங்கள் அளவுப் பெட்டகத்துக்குப் பக்கத்துக்கு 1.3 மீட்டர் வீதம் இரண்டு, மேலே 60 செ.மீ. என்று கொண்டால் மொத்தம் சுமார் 3.2 மீட்டர், 15 வாட்டுக்குச் சற்று மேல், 1.3 ஆம்பியர். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் சிரமமில்லாமல் தாங்கும். மீட்டருக்கு 14.4 வாட் வகையை வாங்குகிறவர்கள் கடையில் கண்ட பிரகாசத்தில் மயங்கி வாங்குகிறார்கள். இந்தச் சின்ன இடத்தில் அது கண்ணைக் கூசவைக்கும்.

சுவிட்சுக்கு வருகிறேன். கதவைத் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். பலரும் முதலில் வாங்குவது ஆள் அசைவை உணரும் பிஐஆர் சென்சார். அது உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் கராஜில் காற்றே உடல் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அது தடுமாறும். நீங்கள் அசையாமல் நின்று எதையாவது தேடினாலும் அணைந்துவிடும். காந்தம் பக்கத்தில் வருவதையும் விலகுவதையும் பொறுத்து இயங்கும் ரீட் சுவிட்ச் நல்லது, ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, அலாரத்துக்கு விற்கும் சின்ன ரீட் சுவிட்சுகள் பல அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. நம் சுமை 1.3 ஆம்பியர். நேராக இணைத்தால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமல் போகும். நடுவில் ஒரு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய சுமையை இயக்கும் சுவிட்ச், வேண்டும். இரண்டு, கதவும் நிலையும் கனமான இரும்பு என்பதால் காந்தப்புலம் அதில் இழுபடும். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சற்றுத் தூக்கிப் பொருத்த வேண்டும். மூன்று வயர் உள்ளதாக வாங்கி, காந்தத்தை விலக்கினால் எந்த இரண்டு வயரில் மீட்டர் பீப் அடிக்கிறதோ அந்த இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அலாரக்காரர்கள் அதைத் தலைகீழாக எழுதுவதுண்டு.

இப்போதெல்லாம் நான் அதிகம் போடுவது அலமாரிகளுக்கு வரும் இன்ஃப்ராரெட் கதவு சென்சார். மூடிய கதவில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்து விளக்கை அணைக்கும். கதவு விலகினால் எரியும். அதன் வயரிலேயே ஸ்ட்ரிப்பின் சுமையைத் தாங்கும் சுவிட்ச் இருக்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. உங்கள் கதவின் உள்பலகை கறுப்பு கார்பெட் என்றால் அந்த ஒளியை விழுங்கிவிடும். கதவு மூடியிருந்தும் சென்சார் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு விளக்கை எரியவிடும். சென்சாருக்கு நேரெதிரே கதவில் ஒரு தபால்தலை அளவுக்கு வெள்ளை டேப் ஒட்டினால் தீர்ந்தது.

மூடிய பிறகு விளக்கு உண்மையிலேயே அணைகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி. ஃபோனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, சில விநாடி கழித்துத் திறந்து பார்க்கலாம். இல்லையென்றால் அடாப்டருக்கும் சுவர் பாயின்ட்டுக்கும் நடுவில் வாட் மீட்டரைச் செருகுங்கள். கதவு மூடியதும் 15 வாட்டுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது ஒரு வாட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். அடாப்டரை வெளியே வைப்பதில் இந்த வசதியும் இருக்கிறது. அணையாமல் கிடந்தால் உடனே ஆபத்து ஒன்றுமில்லை, உள்ளே சற்று வெதுவெதுப்பாகும். அந்தச் சூட்டை ஈரநீக்கிக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். ஹூஸ்டன் கராஜில் விளக்கைவிட முதலில் வேண்டியது ஈரநீக்கிக் கம்பியும் ஒரு ஈரப்பத மீட்டரும்தான். உள்ளே 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். கம்பியின் வயரும் விளக்கின் வயரும் அந்த ஒரே துளையில் போகலாம்.

வேலை தொடங்கும் முன் எல்லாத் துப்பாக்கியையும் குண்டு இல்லை என்று சேம்பரைத் திறந்து பார்த்து வெளியே எடுத்து, பூட்டக்கூடிய வேறோர் அறையில் வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்துக்கு அவர்களை வேறெங்காவது அனுப்பிவிடுவது நல்லது. மின்னணுப் பூட்டின் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். பேட்டரி தளர்ந்தால் பூட்டு கோட் எண்ணை ஏற்காது. வேலை முடிந்ததும், கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பிப் பூட்டி, கோட் போட்டுத் திறந்து, இதை மூன்று நான்கு தடவை செய்து பார்த்த பிறகுதான் முதல் தடவை கதவைச் சாத்த வேண்டும். அப்போது கைப்பிடி முன்பைவிட இறுக்கமாகத் திரும்புகிறது என்று தோன்றினால் சேனல் எங்கோ கம்பியில் இடிக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் இறுக்கம் போகவில்லையென்றால் பெட்டக மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அது என் எல்லைக்கு வெளியே.

கராஜில் பெட்டகத்துக்குப் பக்கத்தில் பாயின்ட் இல்லை என்றால் பேட்டரி விளக்கும் தப்பில்லை. நிலையின் தகட்டில் காந்தத்தால் ஒட்டும் சென்சார் விளக்குகள் இரண்டு போதும். அதில் ஆல்கலைன் ஏஏ பேட்டரி போடாதீர்கள். கராஜ் சூட்டில் அவை கசியும், கசிவது காரத் திரவம், கீழே நிற்பது உங்கள் துப்பாக்கி. ரீசார்ஜ் ஆகாத லித்தியம் ஏஏ வாங்கிப் போடுங்கள், விலை கூடுதல்தான். யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் விளக்கு என்றால் வெளியே எடுத்து சார்ஜ் செய்துவிட்டுத் திரும்ப வையுங்கள். ஃபோனிலிருந்து இயக்கும் வைஃபை விளக்குகளைத் தவிர்த்துவிடுங்கள், இரும்புக் கதவை மூடினால் சிக்னல் உள்ளே போகாது.

உங்கள் பெட்டகத்தின் பின்பக்கத் துளை எத்தனை மி.மீ., கதவின் உள்பலகை என்ன நிறம், பாயின்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதினால் எந்த சென்சார், எத்தனை கேஜ் வயர் என்று சொல்கிறேன்.